தக்பர் நிரப்பிப் பார்த்த கார்டுகள்

எங்கள் தலைநகர் நுவாக்ஷோத்தின் ஃபோன் சந்தையில் எங்கள் வரிசையில் மெமரி கார்டு விற்பவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் ஆண்கள். பதினோராவது ஆள் தக்பர். அவள் கடை என் கடைக்கு அடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் அவளைக் கேலி செய்தே பிழைத்தவன் நான். ஆகவே அவள் கதையைச் சொல்கிற கடமை எனக்குத்தான் உண்டு என்று நினைக்கிறேன். என் பெயர் யர்பா.

அவள் பிறந்தது வடக்கே ஸுவேராத்தில். இரும்புத் தாது ஏற்றிப் போகும் ரயிலின் தண்டவாளத்தில் மண் மூடாமல் பார்த்துக்கொள்கிற வேலை அவள் அப்பாவுக்கு. ஐந்தாவது வரை படித்தாள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி தலைநகருக்கு வந்தாள். கணவர் பாட்டு கேஸட்டுகளுக்குப் பிரதி எடுத்து விற்பவர். கடையில் பாதி வேலையை அவள்தான் செய்தாள். எது மூலப் பிரதி, எது பிரதியின் பிரதி என்று காதில் கேட்டே சொல்லிவிடுவாள்.

இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவருக்கு அவள் பேச்சு நீளம், அவளுக்கு அவர் தூக்கம் நீளம். ஏழு வருஷத்தில் விவாகரத்து ஆனது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அன்று அத்தைகளும் சித்தி மகள்களும் மேளம் கொட்டிக் குலவையிட்டு வரவேற்றார்கள். எங்கள் பெண்களுக்கு அது வழக்கம்தான். கை நிறைய மருதாணி வைத்து, ஆட்டுக்கறி சமைத்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, "உனக்கு என்னடி வேணும்?" என்று கேட்டார்கள். மற்ற பெண்கள் என்றால் புதுச் சேலைத்துணி கேட்பார்கள், தங்கத் தோடு கேட்பார்கள்.

"லேப்டாப் வேணும்," என்றாள் தக்பர்.

அத்தைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது கேஸட் போய் மெமரி கார்டு வந்துவிட்ட காலம். தலைநகருக்குத் திரும்பி வந்து, பாட்டும் படமும் பிரசங்கமும் கார்டில் ஏற்றிக் கொடுக்கும் கடையை அந்த ஒரு லேப்டாப்பை வைத்து எங்கள் வரிசையில் போட்டாள். ஒட்டகம் மேய்ப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், நெட்வொர்க் இல்லாத ஊர்களுக்குப் போகும் வாத்தியார்கள் எல்லாம் அவளிடம் வருவார்கள். வெறும் கார்டும் விற்றாள். முதல் இரண்டு வருஷம் அவளும் எங்களைப் போலத்தான். பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லி விற்றாள்.

ஒருநாள் திஜிக்ஜாவிலிருந்து ஒரு பேரீச்சைத் தோட்டக்காரர் வந்தார். அறுபது வயசிருக்கும். ஒரு மாதம் முன்பு மகள் கல்யாணத்தைப் படம் பிடிக்க அவளிடம் கார்டு வாங்கிப் போனவர். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. கார்டை எடுத்து அவள் மேசைமேல் வைத்தார்.

"இதுல கல்யாணத்துல பாதி இருக்கும்மா. மீதிப் பாதி எங்க போச்சுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

தக்பர் கார்டைப் போட்டுப் பார்த்தாள். முதல் சில வீடியோக்கள் ஓடின. மாப்பிள்ளை வீட்டார் வருவது, ஒட்டகம் அறுப்பது. அதற்குப் பிறகு எல்லாம் பெயர் மட்டும் இருந்தது. திறந்தால் கறுப்பு. பெண் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டதும், அவர் மனைவி அழுததும், தம்பி பாடியதும் அந்தக் கறுப்பில் போயிருந்தன.

"வேற கார்டு தர்றேன், ஐயா. பணம் வேண்டாம்," என்றாள்.

"அடுத்த கல்யாணத்துக்கா? எனக்கு ஒரே பொண்ணு," என்றார் அவர். தேநீர் கொடுத்தாள். குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் கடை திறக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து அந்தக் கார்டோடு சேர்ந்து வந்த இருபது கார்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். என்ன நடக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. பதினாறு ஜிபி என்று வெளியே அச்சடித்திருக்கும். லேப்டாப்பில் போட்டாலும் பதினாறு என்றே காட்டும். ஆனால் உள்ளே இருப்பது நான்கு. அந்த நான்கு நிறைகிறவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். நிறைந்த பிறகும் கார்டு வாங்கிக்கொண்டே இருக்கும், இடமில்லை என்று சொல்லவே சொல்லாது. போட்டதெல்லாம் காற்றில் போகும், பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும்.

கடைக்குத் திரும்பி வந்தபோது அவள் ஒரு முறை வைத்திருந்தாள். எந்தக் கார்டாக இருந்தாலும் விற்பதற்கு முன் விளிம்புவரை நிரப்புவாள். ஒரு வீடியோவை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு இடமில்லாமல் போகும்வரை ஏற்றுவாள். பிறகு கார்டை வெளியே எடுத்து மறுபடி போடுவாள். எடுக்காமல் பார்த்தால் லேப்டாப் தன் ஞாபகத்திலிருந்தே காட்டி ஏமாற்றிவிடும் என்பது அவள் தானாகக் கண்டுபிடித்தது. அப்புறம் முதலாவதை ஓடவிடுவாள், நடுவில் நாலைந்து, பிறகு கடைசி. கடைசி வீடியோ கடைசி நொடிவரை ஓடினால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அந்தக் கார்டின் மூலையில் ஊசியால் சின்னதாக ஒரு கீறல் போடுவாள். அதன் பிறகுதான் விலை பேசுவாள்.

ஒரு கார்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மின்சாரம் மக்கர் செய்தால் இரண்டு மணி நேரம். 'ரெண்டு மணி தக்பர்' என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் நான்தான்.

"தண்ணி இருக்கான்னு தெரிஞ்சுக்க மொத்தக் கிணத்தையும் எறைச்சுப் பார்க்கிறவ உலகத்துலயே இவ ஒருத்திதான்," என்பேன், அவள் காதில் விழும்படி.

"உன் கிணத்துல தண்ணி இல்லன்னு உனக்கே தெரியும் யர்பா, அதான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கிற," என்பாள் அவள், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாங்க வருகிறவர்களிடமும் அவள் லேசில் விற்கமாட்டாள். ஒரு லாரி ஓட்டுநர் அறுபத்து நாலு ஜிபி கேட்டு வந்தார். "முதல்ல ஃபோனைக் காட்டுங்க," என்றாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது முப்பத்திரண்டுக்கு மேல படிக்காது, அண்ணே. பெரிசா வாங்கிட்டுப் போயி, படிக்கலன்னு நேமா போய்ச் சேர்ந்து அங்கேர்ந்து எனக்கு ஃபோன் பண்ணுவீங்க."

"நான் காசு கொடுக்கிறேன், நீ கார்டைக் கொடு."

"படம் பிடிப்பீங்களா, பாட்டு மட்டுமா?"

"பாட்டுதான்."

"அப்ப பதினாறே போதும். நாளைக்கு வாங்க, நிரப்பிப் பார்த்து வைக்கிறேன்."

அவர் என் கடைக்கு வந்து, அறுபத்து நாலு வாங்கிக்கொண்டு, போகும்போது அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்தாரா என்று கேட்காதீர்கள்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் போனது. அவளிடம் கூட்டம் இருக்காது. ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் வேறு எங்கும் போகமாட்டார்கள்.

ஒரு ஜூன் மாதம், இரண்டாம் வாரம், பென்தா ஸல் என்று ஒரு மருத்துவச்சியம்மா சந்தைக்கு வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, வேகமான நடை. தெற்கே ஸெலிபாபி பக்கத்து ஊர்களில் பிரசவம் பார்க்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள். அந்தப் பெண்களுக்கு ஃபோன் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பாதி ஊரில் நெட்வொர்க் கிடையாது, மழை வந்தால் சாலையும் கிடையாது. மூன்று மாதம் அந்த ஊர்கள் தனியாகத்தான் கிடக்கும். அதனால் பதினாறு சின்னப் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றையும் புலார், ஸொனின்கே, ஹஸ்ஸானியா என்று மூன்று மொழியில் பேசி, நாற்பத்தெட்டாக வைத்திருந்தார்கள். அதை ஏற்ற நூற்றிருபது கார்டு வேண்டும். மழைக்கு முன்பு வேண்டும்.

முதலில் என் கடைக்குத்தான் வந்தார்கள். என் பாக்கெட்டுகள் பளபளப்பானவை.

"ஒரு மணி நேரத்துல நூத்திருபதும் கையில இருக்கும், அம்மா," என்றேன். தொண்ணூறு என்னிடமே இருந்தது, மீதியை வரிசையில் திரட்டிவிடலாம்.

"நம்பி வாங்கலாமா, தம்பி?"

"சீல் உடைக்காத பாக்கெட்டு, பாருங்க. என் மச்சான் நேரா கொண்டுவந்தது."

பக்கத்துக் கடையிலிருந்து தக்பர் கேட்டாள்: "அதுல என்ன ஏத்தப் போறீங்க, அக்கா?"

பென்தாம்மா சொன்னார்கள். தக்பர் எழுந்து வந்தாள். "கடைசிப் படம் எதைப் பத்தினது?"

"கடைசி மூணும் பிள்ளை பொறந்த பிறகு ரத்தம் நிக்கலன்னா என்ன பண்ணணும்ங்கிறது. ஏன்?"

தக்பர் என்னைப் பார்க்காமல் என் பெட்டியைப் பார்த்தாள். "அந்தப் பெட்டியில உங்களுக்குப் பிடிச்ச இடத்துலேர்ந்து ஒண்ணு எடுங்க. என் லேப்டாப்ல போடுவோம். முக்கால் மணி நேரம்தான். அதுக்குள்ள தேநீர் குடிச்சிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "யாவாரம் பேசிட்டு இருக்கும்போது நடுவுல வர்ற. என்னையே சோதிக்கிறியா நீ?"

"உன்னை இல்லப்பா. கார்டைத்தான்."

வரிசையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். வேண்டாமென்றால் இன்னும் கேவலம். எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியைத் தள்ளினேன். பென்தாம்மா நடுவிலிருந்து ஒன்று எடுத்தார்கள். தக்பர் நிரப்பினாள். முதல் சுற்றுத் தேநீர் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. கார்டை எடுத்து மறுபடி போட்டாள். முதல் வீடியோ ஓடியது. நான் கைகளைக் கட்டிக்கொண்டேன். பதினான்காவது ஓடியது. இருபதாவது ஓடவில்லை. கடைசி ஓடவில்லை.

"ஒண்ணு கெட்டுப்போயிருக்கும். இன்னொண்ணு எடு," என்றேன்.

இன்னொன்றும் அப்படியே ஆனது. இந்த முறை யாரும் தேநீர் போடவில்லை.

பென்தாம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தக்பரிடம் திரும்பி, "நீ எத்தனை தருவ, தங்கச்சி?" என்றார்கள்.

"பார்த்து வச்சது நாப்பத்தெட்டு கார்டு இருக்கு. மீதிக்கு ஒரு வாரம் வேணும்."

"அடுத்த வியாழக்கிழமை காலையில வண்டி கிளம்புது. அதுக்கப்புறம் மழையோட போட்டி போட முடியாது."

"பார்க்கலாம்."

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. அந்தத் தொண்ணூறு கார்டையும் வேறு யாரிடமாவது தள்ளிவிட எனக்கு மூன்று நாள் போதும். இத்தனை வருஷமாக அப்படித்தானே போயிருக்கும் என்று நினைத்தபோது, நான் விற்ற கார்டுகளில் யார் யார் என்னென்ன வைத்திருந்தார்கள் என்ற யோசனை வந்தது. அதற்கு முன்பு ஒருநாளும் எனக்கு வராத யோசனை அது.

மறுநாள் காலை பெட்டியோடு என் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன்.

"எல்லாத்தையும் பார்த்துடு," என்றேன்.

அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். "அந்த மூலையில உட்காரு. வீடியோவுக்கு ஒண்ணுலேர்ந்து எண் போடு. தப்பா போட்டா திரும்ப முதல்லேர்ந்துதான்," என்றாள். அவ்வளவுதான்.

ஆறு நாள் பார்த்தோம். இரண்டாம் நாள் வரிசைக் கடைசியில் இருந்த இன்னொரு கடைக்காரர் தன் லேப்டாப்பையும் கார்டுகளையும் கொண்டுவந்து வைத்தார். மூன்று லேப்டாப்புகளும் சூட்டில் முனகிக்கொண்டே இருந்தன. மேலே ஈரத்துணி கட்டித் தொங்கவிட்டு அதன் கீழே வைத்தோம். என் தொண்ணூறில் முப்பத்தொன்றுதான் தேறியது. தேறாதவற்றை என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. நான்தான் குறடு எடுத்து ஒவ்வொன்றாக நடுவில் உடைத்தேன். ஐம்பத்தொன்பது கார்டு உடைக்கக் கை வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் ஒரு சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளி, "மீன் நல்லா இருக்கு, சாப்பிடு," என்றாள். அவள் என்னிடம் அவ்வளவு தன்மையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை மத்தியானம் நூற்றிப் பதின்மூன்று ஆகியிருந்தது. அப்போது மின்சாரம் போனது. சந்தை முழுக்கப் போனது. லேப்டாப் மூன்றும் ஒவ்வொன்றாக அணைந்தன. மாலைத் தொழுகை முடிந்து பென்தாம்மா வந்தபோதும் மின்சாரம் வரவில்லை.

"ஏழு குறையுது," என்றாள் தக்பர்.

"அதோ பெட்டியில இருக்கே கார்டு?"

"அது பார்க்காதது."

"பார்க்காட்டி என்ன, தங்கச்சி? ஏழுல ஒரு நாலு நல்லதா இருக்காதா? ஏழு ஊரு வெறும் கையோட இருக்கணுமா?"

"வெறும் கைன்னா, கையில ஒண்ணும் இல்லன்னு அங்க பிரசவம் பார்க்கிறவளுக்குத் தெரியும். அடுத்த ஊருக்கு ஆளை அனுப்புவா, வண்டி தேடுவா. பொய்க் கார்டைக் கொடுத்தா, இருக்குன்னு நம்பி உட்கார்ந்திருப்பா, அக்கா. நான் கொடுக்க மாட்டேன்."

பென்தாம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சந்தையில உட்கார்ந்துட்டு நியாயம் பேசற. அந்த ஏழு ஊருல ஒண்ணுல நின்னு பேசிப் பாரு."

"சரி," என்றாள் தக்பர். "நின்னு பேசறேன். நீங்க காலையில கிளம்புங்க. ஏழையும் பார்த்து நானே எடுத்துட்டு வர்றேன்."

அவள் சும்மா சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பென்தாம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்; படங்கள் ஏற்றியிருந்த நூற்றிப் பதின்மூன்றை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். வியாழன் காலை மின்சாரம் வந்தது. ஏழு நல்லது தேற பதினொன்றை நிரப்ப வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், படங்களை ஏற்றிய ஏழு கார்டுகளையும் காலித் தேயிலை டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா சுற்றி, தெற்கே காயெதி போகும் வண்டியில் ஏறிவிட்டாள். சூடு தாங்காத உடம்பு அவளுடையது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்.

பயணத்தைப் பற்றி அவளாக எதுவும் சொல்லவில்லை. பின்னாளில் பென்தாம்மாவின் ஓட்டுநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காயெதிவரை சிரமமில்லை. ஸெலிபாபி போவதற்குள் முதல் மழை பிடித்துக்கொண்டது. அங்கிருந்து ஊர்களுக்குப் போகிற மண்சாலையில் ஓர் ஓடை குறுக்கே பாய்ந்தது. வண்டி இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் பென்தாம்மாவும் அவர்களுடைய ஓட்டுநரும். தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆகும் என்றார் அவள் வந்த வண்டிக்காரர். தக்பர் டப்பாவைத் தலைத்துணிக்குள் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாடுகளை ஓட்டிப்போன இரண்டு பேர் எங்கே கால் வைக்கிறார்கள் என்று பார்த்து, அவர்கள் பின்னாலேயே இறங்கினாள். தண்ணீர் மார்புக்கு ஏறியது. தக்பருக்கு நீச்சல் தெரியாது. பாலைவனத்து ரயில் ஊரில் பிறந்தவளுக்கு நீச்சல் எப்படித் தெரியும்?

கரையேறி, சேறு சொட்டச் சொட்ட டப்பாவைப் பிரித்து ஏழையும் கொடுத்தாளாம். பென்தாம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

"பைத்தியக்காரி, செத்திருந்தா?"

"ஏழும் நல்ல கார்டு, அக்கா. கடைசிவரை ஓடுது. வேணும்னா இப்பவே போட்டுப் பாருங்க."

கிளம்பிப் போன எட்டாவது நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "கொசு ஜாஸ்தி," என்றாள்.

மழைக்காலம் முடியும்வரை அங்கிருந்து ஒரு செய்தியும் இல்லை. அக்டோபரில் ஒருநாள் பென்தாம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெயர் ஸிரா. நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஸொனின்கே பெண். மாலி நாட்டு எல்லைப் பக்கம் ஒரு ஊரில் பிரசவம் பார்க்கிறவள். அவளுக்கு எங்கள் மொழி வராது, ஸொனின்கே மட்டும்தான். பென்தாம்மா மொழிபெயர்த்தார்கள்.

"ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசமும் எங்க ஊருக்கு யாரும் வரல," என்று ஆரம்பித்தாள் ஸிரா. "வேலை இல்லாத நேரமெல்லாம் படத்தைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தேன். எங்க வீட்டுப் பொம்பளைங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பாங்க. கடைசிப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கே இல்ல. அதுல வர்ற அம்மா பேசறதை என் நாத்தனா அப்படியே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பா."

பென்தாம்மா சிரித்தார்கள். படத்தில் பேசுவது அவர்கள்தான்.

"செப்டம்பர்ல அதே நாத்தனாவுக்குத்தான் பிரசவம். பிள்ளை நல்லா பொறந்துச்சு. அப்புறம் ரத்தம் நிக்கல. முன்ன இந்த மாதிரி ஆனா நாங்க அழுறதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணது இல்ல. அன்னிக்கு யாரும் அழல. நான் வயித்தை எங்க அழுத்தித் தேய்க்கணுமோ அங்க தேய்ச்சேன். ஒருத்தி பிள்ளையை மாருல போட்டா. ஒருத்தி ஒண்ணுக்குப் போக வைன்னு சொன்னா. ஒருத்தி படகுக்காரனைக் கூப்பிட ஓடினா. ஒவ்வொருத்திக்கும் என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருந்துச்சு. ரத்தம் குறைஞ்சுது. படகுல ஏத்தி, ஆஸ்பத்திரி சேர்ற வரைக்கும் தேய்ச்சுட்டே போனேன்."

"இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டேன் நான்.

"இப்பவும் எல்லாரையும் கேலி பண்ணிட்டுத்தான் இருக்கா."

ஸிரா தன் ஃபோனைத் திறந்து கார்டை எடுத்து தக்பர் உள்ளங்கையில் வைத்தாள். தக்பர் அதைப் பார்த்தாள், மூலையிலிருந்த கீறலை நகத்தால் தடவினாள், உடனே திருப்பி ஃபோனுக்குள் செருகிக் கொடுத்தாள். "வெளியில எடுக்காதீங்க. தூசி படும்," என்றாள்.

அது ஓடையைக் கடந்து போன ஏழில் ஒன்றா, என் பெட்டியில் தேறிய முப்பத்தொன்றில் ஒன்றா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. கேட்டேன். "எல்லாம் ஒரே மாதிரி பார்த்த கார்டுதான் யர்பா, எதுவா இருந்தா என்ன," என்று சொல்லிவிட்டாள். என் முப்பத்தொன்றில் ஒன்றுதான் என்று நான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பிறந்த குழந்தைக்கு தக்பர் என்று பெயர் வைத்தார்களா என்று சந்தையில் எல்லாரும் கேட்டார்கள். இல்லை. குழந்தைக்குப் பெரியத்தை பெயரை வைப்பதாக முன்பே முடிவாகியிருந்ததாம். அதற்குப் பதிலாக ஒரு மூட்டை வேர்க்கடலை அனுப்பியிருந்தார்கள். "பேரைவிட இது நல்லது," என்று தக்பர் வறுத்து வரிசை முழுக்கக் கொடுத்தாள். முதல் தட்டு எனக்கு வந்தது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஸெலிபாபியில் பென்தாம்மா ஒரு கூட்டம் போட்டார்கள். சுற்று வட்டாரத்து நர்ஸுகள், மருத்துவச்சிகள், இரண்டு மூன்று இளம் டாக்டர்கள், எல்லாமாக எழுபது பேர். கார்டு எப்படி வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படி வைத்துக்கொள்வது என்று தக்பர் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். லேப்டாப் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

கத்தரிப்பூ நிறத்தில் புதுச் சேலைத்துணி சுற்றியிருந்தாள். பளபளக்கிற பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "இந்த அச்சை நம்பாதீங்க, அச்சடிக்கிறது சுலபம்," என்றாள். ஃபோன் எவ்வளவு படிக்குமோ அதற்கு மேல் வாங்கக் கூடாது, படம் ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவக் கூடாது, முக்கியமானதை இரண்டு கார்டில் வைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். பிறகு எழுபது பேரையும் சுற்றி உட்காரவைத்து ஒரு கார்டை நிரப்பிக் காட்டினாள். முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

முடிவில் ஓர் இளம் டாக்டர் எழுந்து, "அம்மா, நீங்க இதை எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சாவது வரைக்கும் ஸுவேராத்துல படிச்சேன், தம்பி. மீதியை ஜனங்க திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த கார்டுல படிச்சேன்."

கூடத்தில் சிரிப்பும் கைத்தட்டலும் சேர்ந்து வந்தன. பின்னால் இருந்த பெண்கள் குலவையிட்டார்கள். அவளுடைய விவாகரத்து அன்று வந்ததைவிடப் பெரிய குலவை அது என்று அவளே பிறகு என்னிடம் சொன்னாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ் ஒருவர், "அந்த அம்மா உங்களுக்கு யாருங்க?" என்றார்.

"பக்கத்துக் கடை," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது எங்கள் வரிசையில் ஆறு கடைகளில் கார்டை நிரப்பிப் பார்த்துத்தான் விற்கிறோம். முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் சொல்லும்போது சிலர் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். தெற்கே போகிற கார்டுகளுக்கான வேலை தக்பருக்கு மார்ச் மாதமே தொடங்கிவிடும். போன வருஷம் முந்நூற்று நாற்பது அனுப்பினாள். ஓடவில்லை என்று அதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.